வினாவும் வேதமும்

பினாங்கு நகரில் பார்க்குவார் வீதி வழியாகச் செல்லும் நம்மவர், பிற்காலத்தில் பொருட்காட்சிச் சாலையாக மாற்றப்பட்ட பழைய கட்டடமொன்றைக் கண்டிருப்பர். அது முன்னாளில் பினாங்கு பிரீ ஸ்கூலுக்கு உரியதாயிருந்தது. 1816-ம் ஆண்டில் தோன்றிய அப்பள்ளி, 1928-ல் கிரீன் லேனுக்குப் பெயரும் வரையில் நூறாண்டுக்கு மேலாக அவ்வீதியில் நடைபெற்று வந்தது. அப்பள்ளி பிறந்தபொழுது எழுதப்பட்ட ஒரு விதியைப் பற்றியே இங்கு நாம் பேசப் புகுகின்றோம். அவ்விதி தொட்ட பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை. தோட்டத்து லயத்திலும் பட்டணத்து வீட்டிலும் அது எழுந்துகொண்டேயிருக்கின்றது.

பிரச்சினை யாது? கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையொருவன் பதினான்கு, பதினைந்து வயதை அடைகின்றான். பள்ளியிலே பூமியின் வயதைப் படிக்கின்றான். ஞாயிறு பள்ளியிலே ஆறு நாட் படைப்பைக் கேட்கின்றான். “இரண்டில் எது மெய்?” என்கின்றான். “இயேசுவின் பெயரையே கேளாமல் மாண்டுபோன நம் பாட்டன் பூட்டன்மார் கதி யாது?” என்கின்றான். தந்தை கண்ணை உருட்டுகின்றார். உபதேசியாரோ, “விசுவாசி, விவாதியாதே” என்கின்றார். பிள்ளை வாயை மூடிக்கொள்கின்றான். ஆனால் வாய் மூடிய மாத்திரத்தில் மனமும் மூடிவிடுமா?

இதன் வேரைச் சிறிது தோண்டிப் பார்ப்போம். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களே மதபோதனை நூல்கள்தாம். 1578-ல் கொல்லத்திலே அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்பதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. இப்பின்னது, சிறுவர்க்குக் கற்பித்தற்கென்றே உரையாடல் முறையில் ஆக்கப்பட்ட போர்த்துக்கேய நூலொன்றின் தமிழாக்கம். அது முதற்கொண்டு வினாவிடை முறையே ஞானோபதேசத்தின் வழக்கமாயிற்று. நூல்கள் அரிதாயிருந்த காலத்தில் அம்முறை செய்த தொண்டு பெரிது. நாம் அதனை இகழோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் விடை ஆசிரியருடையது, வினாவும் ஆசிரியருடையதே. மனப்பாடம் மாத்திரமே பிள்ளையுடையது. பிள்ளை தானாகக் கேட்கும் வினாவுக்கு அந்நூல்களில் இடமில்லை.

இனிப் பினாங்குக்கு வருவோம். பிரீ ஸ்கூலை நிறுவியவர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். அரசாங்கத்தாரின் குருவாயிருந்ததோடு, மலாய் விவிலியத்தைத் திருத்திப் பதிப்பிக்கும் வேலையிலும் அரும்பாடுபட்டவர். வேதத்தை மக்கள் பாஷையில் தருவதற்காகத் தம் காலத்தையும் உழைப்பையும் செலவிட்ட இவர், தாம் அமைத்த பள்ளியில் அதனைக் கட்டாயமாக்கியிருப்பார் என்றே நாம் எண்ணுவோம். நடந்தது அஃதன்று. கிறிஸ்து மதத்தை விரும்பாத பெற்றோரின் மனப்பான்மைக்கு எவ்வகையிலும் ஊறு நேராதவாறு மிகுந்த கவனம் செலுத்தப்பட வேண்டுமென்று பள்ளியின் திட்டத்திலேயே எழுதப்பட்டது. எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. பல மதத்தார் ஒரே கடைத்தெருவில் கலந்து வாழும் துறைமுகத்தில், வற்புறுத்தினால் பெஞ்சுகள்தாம் காலியாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

வற்புறுத்தலின் விளைவைச் சென்னை கண்டது. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் அங்கே ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வேதபாடமே அதற்கு உயிர்நாடி. ஆங்கிலத்தை நாடிப் பிள்ளைகள் திரண்டனர். 1841-ல் இராசகோபால், வேங்கடராமையா என்னும் மாணவர் இருவர் ஞானஸ்நானம் பெற்றனர். உடனே பெற்றோர் வெகுண்டு பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாக நிறுத்திக்கொண்டனர். பின்னர், அரசாங்கப் பள்ளிகளிலும் விவிலியத்தைப் பாடபுத்தகமாக்கலாம் என்னும் யோசனையைக் கவர்னர் ட்வீடேல் பிரபு ஆதரித்தார். ‘கிரசெண்ட்’ பத்திரிகையை நடத்திய காசுலு லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் 1846-ல் கூட்டங்கூடிக் கண்டனம் முழங்கினர். கம்பெனி டைரக்டர்களும் அவ்யோசனையை ஏற்கவில்லை.

இந்நிலையில், 1854-ல் சார்ல்ஸ் வுட் என்பவரின் கல்வி அறிக்கை இந்தியாவுக்கு வந்தது. அரசாங்கப் பள்ளிகளில் மதபோதனை கூடாது. ஆயினும் விவிலியம் நூல்நிலையத்தில் இருக்கலாம். மாணவன் தானே விரும்பி ஆசிரியரிடம் கிறிஸ்து மதத்தைப் பற்றி வினவினால், பள்ளி நேரத்துக்குப் புறம்பே அவர் விளக்கம் கூறலாம் என்று அது விதித்தது. வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். பினாங்கின் விதி பெற்றோரின் மனத்தைக் காத்தது. சென்னையின் கிளர்ச்சியும் பெற்றோரின் உரிமையையே காத்தது. இவ்வறிக்கையிலேதான் பிள்ளை தானாகக் கேட்கும் வினா தலைகாட்டுகின்றது. அவ்வினாவுக்கும் கிடைத்த இடம் மணியடித்த பிறகுதான்!

யாழ்ப்பாணத்துச் சரித்திரமோ வேறொரு பாடம் புகட்டும். 1822-ல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பள்ளியிற் பயின்றார். இளைஞராயிருக்கையிலேயே அங்கு ஆசிரியருமானார். விவிலியத் தமிழாக்கத்தில் அப்பாதிரியாருக்குத் துணைநின்றார். விவிலியத்தை வரிவரியாகக் கற்ற அவர் கிறிஸ்தவராகவில்லை. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பள்ளி கண்டார். 1854-ல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி, விவிலியத்தைக் கொண்டே பாதிரிமார்க்கு மறுப்புக் கூறினார். பெர்சிவல் தோற்றார் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சைவராகவே இருந்த மாணாக்கரைத் தம் வேதத்தின் மொழிபெயர்ப்புக்கே துணையாகக் கொண்ட ஆசிரியரின் பெருந்தன்மையும் அதிலுண்டு. ஆயினும் ஒரு விந்தை: நாவலர் சைவப் பிள்ளைகளுக்கென இயற்றிய நூலின் பெயரும் ‘சைவ வினாவிடை’யே. மதம் மாறிற்று, முறை மாறவில்லை. அங்கும் வினா ஆசிரியருடையதாகவே இருந்தது. ஆகவே இக்குறையைக் கிறிஸ்தவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

பினாங்கில் 1852-ல் லசால் சகோதரர்களின் செயிண்ட் சேவியர் பள்ளியும், 1891-ல் மெதடிஸ்தரின் ஆங்கிலோ சீனப் பள்ளியும் எழுந்தன. நாடு சுதந்திரம் பெற்ற 1957-ல் எழுந்த அரசியல் சட்டத்தின் 12-ம் பிரிவு, தன் மதமல்லாத பிற மதத்தின் போதனையை ஏற்குமாறோ, அதன் வழிபாட்டிற் சேருமாறோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை முடிவு செய்பவர் பெற்றோரோ காப்பாளரோ ஆவர் என்பதும் அதன் விதி. ஹட்சிங்ஸ் காலத்து எண்ணம் சட்டமாகவே நிலைத்துவிட்டது. அயலாரின் வற்புறுத்தலினின்றும் பிள்ளைக்குக் காப்புக் கிடைத்தது; மகிழத்தக்கதே. ஆனால் வீட்டுக்குள்ளே, கோயிலுக்குள்ளே, தன் சொந்த மதத்தாரிடம் பிள்ளை கேட்கும் வினாவைக் காக்க எச்சட்டத்தாலும் இயலாது. அது பெற்றோரும் போதகரும் மனமுவந்து கொடுக்க வேண்டிய உரிமை.

கொடுத்தால் விசுவாசம் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் தம் வேதத்தையே மீண்டும் புரட்டிப் பார்க்கட்டும். நிரபராதியாகிய யோபு, தான் ஏன் துன்புற வேண்டுமெனக் கடவுளையே வழக்குக்கு இழுக்கின்றான்; அவன் வழக்கு வேதத்தினின்றும் நீக்கப்படவில்லை. கண்டாலன்றி நம்பேன் என்ற தோமா சீடர் கூட்டத்தினின்றும் விலக்கப்படவில்லை. அத்தோமாவையே நம் மயிலாப்பூரில் இரத்தம் சிந்திய அப்போஸ்தலராகத் தமிழ்க் கிறிஸ்தவர் போற்றுகின்றனர். இயேசுவின் வளரும் பருவத்தைப் பற்றி நான்கு சுவிசேஷங்களிலும் உள்ள நிகழ்ச்சி ஒன்றே. லூக்கா அதனைக் கூறுகின்றார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கின்றான். அவர்களை வினவவும் செய்கின்றான். அப்போதகர் அவனைக் கண்டித்து வெளியேற்றவில்லை, வியந்தனர்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நாம் கூறுவது இதுவே: பாடத்துக்கு முன் வினாவுக்கு இடம் விடுங்கள். விடை தெரியாவிடின், “தெரியாது, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. பெற்றோர்களே, வினாவோடு உங்களிடம் வருகின்ற பிள்ளை இன்னும் உங்களை நம்புகின்றான். அவன் வினாவை அடக்கி அனுப்பினால், அடுத்த முறை அதனை வேறொருவரிடம் கொண்டு செல்வான். அல்லது எவரிடமும் கேளாமலே எழுந்து போய்விடுவான்.