சாமுவேல் டானியெல்

டானியெல் என்ற பெயரைக் கேட்டவுடன் ஓவிய வரலாறு அறிந்தோர்க்குத் தோமஸ் டானியெலும் அவர்தம் சகோதரன் மகன் வில்லியமுமே நினைவுக்கு வருவர். இந்தியாவெங்கும் சுற்றி அவ்விருவரும் வெளியிட்ட 144 காட்சிப் படங்கள் அத்துணைப் புகழ் பெற்றன. வில்லியத்தின் இளவல் சாமுவேலைப் பற்றி இலங்கையிற்கூடப் பலர் அறியார். ஆயினும், அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும் உயிர்நீத்ததும் இத்தீவிலேயாம்.

1775 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த சாமுவேல், 1799 இல் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். ஈராண்டின் பின், கால்நடை கொள்வதற்காக உள்நாட்டுக்குப் புறப்பட்ட அரசாங்கக் குழுவொன்றில் ஓவியராக இடம்பெற்றார். அப்பயணத்தின் பயனாய் 1804, 1805 ஆம் ஆண்டுகளில் முப்பது படங்கள் கொண்ட நூல் இலண்டனில் வெளிவந்தது. செப்புத் தகட்டிலே குங்கிலியப் பொடியைப் படியவிட்டு, அமிலத்தால் அரித்து, நீர்வர்ண ஓவியம் போன்ற மென்னிழலை அச்சிற் கொணரும் முறையில் அவை செதுக்கப்பட்டன. எவ்விடம் எத்துணை நேரம் அமிலத்தில் இருக்கவேண்டும் என்பதிலேதான் செதுக்குவோன் திறமையெல்லாம் அடங்கும். சற்றே பிசகினும் பலநாள் உழைப்பு வீணாகும்.

அம்முப்பதில் ஒன்று குவாகா என்னும் விலங்கின் படம். வரிக்குதிரை இனத்தைச் சேர்ந்த அதற்கு உடலின் முற்பகுதியில் மட்டுமே வரிகள் தெளிவாய் உண்டு. சாமுவேல் கண்டபோது அது கூட்டங்கூட்டமாய் மேய்ந்தது. வேட்டைக்காரர் விட்டுவைக்கவில்லை; 1883 ஆம் ஆண்டு ஆம்ஸ்ரடாம் விலங்குச்சாலையில் இறந்ததோடு அவ்வினமே அற்றுப்போயிற்று. இறந்த உடலைப் பார்த்து வரையாது, உயிருள்ள விலங்கை அதன் நிலத்திலேயே நிறுத்தி வரைந்தமையால் இப்படம் பெருமதிப்புடையதாகின்றது.

பின்னர் அவர் இலங்கைக்கு வந்தார். கரையோரம் ஆங்கிலேயர் வசம் இருந்தது. கண்டியிலோ மன்னனே ஆண்டான். தேசாதிபதி மெயிற்லன்ட் அவரைக் காடுகளுக்குப் பொறுப்பான அதிகாரியாக நியமித்தார். யானையும் மானும் தேடித் திரிந்த ஓவியர்க்கு இதனினும் உகந்த உத்தியோகம் வேறு யாது? திருகோணமலைத் துறைமுகம், களுத்துறை முதலிய காட்சிகள் அடங்கிய பன்னிரண்டு படங்கள் 1808 இல் இலண்டனில் நூலாயின.

1811 டிசம்பரில், முப்பத்தாறாவது வயதில், சாமுவேல் இங்கேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற ஆபிரிக்கச் சித்திரங்களைத் தமையன் வில்லியம் தம் கையாற் செதுக்கி, 1820 இல் நாற்பத்தெட்டுப் படங்களாகத் தம்பியின் பெயரால் வெளியிட்டார்.