மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

1990 ஜூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய கையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. யாழ்தேவி ரயில் நின்றது. மின்சாரம் போனது. கார்கள் மட்டும் நிற்கவில்லை. நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மொறிஸ் ஒக்ஸ்போட்களும் வெண்புகை கக்கியபடி ஓடிக்கொண்டே இருந்தன. மாப்பிள்ளையைக் கோயிலடிக்குக் கொண்டுபோனதும் பிள்ளைப்பேற்று வலியில் துடித்த பெண்ணை ஆசுப்பத்திரியில் சேர்த்ததும் அவைதான். அவற்றை ஓட வைத்தவர்கள் ஒழுங்கை முனைகளில் தகரக் கொட்டில் போட்டிருந்த மெக்கானிக்மார். போர்க்காலத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

இந்தக் கார்கள் வந்த காலம் வேறு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கடன்பட்டுக் கிடந்த பிரித்தானியா, செய்த கார்களில் பெரும்பகுதியை ஏற்றுமதிக்கே ஒதுக்கியது. பேர்மிங்காம் லோங்பிறிட்ஜ் ஆலையிலிருந்து 1947இல் ஏ40 டெவன் வந்தது. 1952இல் சோமசெற், 1954இல் கேம்பிறிட்ஜ். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் கார்க் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே தெரிந்தது. அதே ஆண்டு சுதந்திரம் பெற்ற இலங்கையில் இவற்றுக்கு நல்ல கிராக்கி. யாழ்ப்பாணத்தில் டொக்டர்மாரும் பிரக்கிராசிமாரும் கடை முதலாளிமாரும் வாங்கினார்கள். பட்டணத்தில் வாடகைக்கு ஓட விட்டவர்களும் வாங்கினார்கள்.

அந்தக் கார்களின் வயதை அவற்றின் இலக்கத்தகடே சொல்லிவிடும். 1957 ஜனவரிக்கு முன் பதிவானவற்றில் ஆங்கில எழுத்துகள் இரண்டும் சில இலக்கங்களும் இருக்கும். அதற்குப் பின் வந்தவற்றில் சிங்கள ‘ஸ்ரீ’. அந்த ஒற்றை எழுத்துக்காக வடக்கில் தார் பூசும் போராட்டமே நடந்தது. பிரதமரும் தமிழ்த் தலைவரும் செய்திருந்த பண்டா–செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிந்ததற்கு அந்தக் கொந்தளிப்பும் ஒரு காரணம்.

பிறகு அந்நியச் செலாவணி தட்டுப்பட்டது. 1960களில் இறுகத் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் உச்சத்துக்குப் போனது. புதுக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கிற காரைத்தான் ஓட்ட வேண்டும். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன சந்தையைத் திறந்துவிட்ட பிறகே ஜப்பானிய வாகனங்கள் பெருவாரியாக இறங்கின. போர்க்கால மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்துக்கு அத்திவாரம் போட்டது அந்த இடைப்பட்ட காலம். பாகம் வராது என்று தெரிந்த கார்களைத் திறந்து திறந்து பழகிய கைகள் 1990க்குள் முதிர்ந்திருந்தன.

அந்தக் கைகள் உருவான விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்ட பொடியன் ஒருவன் கராஜில் வந்து சேருவான். முதல் வேலை, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது. கேட்க இலேசாகத் தோன்றும். ஆனால் ஒரு யாழ்ப்பாணக் கராஜில் மூன்று வகை ஸ்பானர்கள் கிடந்தன. பழைய பிரித்தானியக் கார்களின் ஆணிகள் விற்வேர்த் அளவில் இருந்தன. 1950களில் வந்தவை மெல்ல அமெரிக்காவோடு பொதுவான அங்குல அளவுக்கு மாறின. ஜப்பானிய வாகனங்களுக்கு மில்லிமீற்றர். இடைக்காலத்தில் செய்த ஒரே காரில் இரண்டு அளவும் கலந்து கிடக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிவிடும். மழுங்கின நட்டுக்கு மாற்று நட்டு ஊரில் கிடையாது. ஆகவே, கண்ணால் பார்த்த உடனேயே அளவு சொல்லப் பொடியன் பழக வேண்டும். பழகிய பிறகுதான் பிளக் கழற்ற விடுவார்கள்.

நல்ல மெக்கானிக்கை அறியும் வழியும் இதற்குள்ளேயே இருந்தது. கார்ச் சொந்தக்காரருக்கு எஞ்சின் தெரியாவிட்டாலும் நட்டின் மூலைகள் தெரியும். பொனற்றைத் தூக்கிப் பார்த்தால் வேலை செய்தவரின் குணம் அங்கேயே பதிந்திருக்கும். கழற்றின பழைய பாகத்தை ‘வீரகேசரி’யிலோ ‘ஈழநாடு’விலோ சுற்றித் திருப்பிக் கொடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். காரை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாரா, பக்கத்தில் வாங்கில் இருந்து பார்க்க விடுகிறாரா என்றும் கவனிப்பார்கள். அந்தக் காலத்து எஞ்சின் அப்படிப் பார்ப்பதற்கு ஏற்றது. நாலு பிஸ்ரன், ஒரு காபரேற்றர், ஒரு கொயில், ஒரு டிஸ்ரிபியூட்டர். எதையும் மூடி மறைக்க வழியில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, வேலை முடியும்போது தன் காரைப் பற்றிப் பாதியாவது விளங்கியிருக்கும்.

இன்னொன்று, மெக்கானிக் அதே ஊர்க்காரர். ஏமாற்றினால் அடுத்த திருவிழாவில், கலியாண வீட்டில், செத்த வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். எந்த உத்தரவாதப் பத்திரத்தையும் விட இது வலுவான பிணை.

போரோடு பொருளாதாரத் தடை வந்ததும் இந்த உறவுக்கு உண்மையான சோதனை வந்தது. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பெற்றோல், சீமெந்து, உரம், பற்றறி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் இருந்தன. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. சனம் முதலில் கொம்படி – ஊரியான் வெளியைக் கடந்தும், பிறகு கிளாலிக் கடல்நீரேரியில் இரவோடிரவாகப் படகேறியும் போய்வந்தது. கடற்படையின் சூட்டில் அந்தக் கடலிலே செத்தவர்கள் பலர். மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டில் கொஞ்சமும் வெளியில் கூடிய விலைக்குக் கொஞ்சமும் கிடைத்தது. அடுப்புக்கும் விளக்குக்கும் தோட்டத்துக்கும் போக மிஞ்சியது வாகனத்துக்கு.

மண்ணெண்ணெயில் கார் ஓடும் என்பது யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்த புதுமை இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் பிரித்தானிய விவசாயிகள் தங்கள் உழவு இயந்திரங்களைப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றி ஓட்டினார்கள். குடாநாட்டுத் தோட்டக்காரனுக்கும் அந்த வித்தை தெரியும். வற்றாத ஆறு இல்லாத ஊர் யாழ்ப்பாணம். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் கிணற்று நீரில்தான் விளைந்தன. துலாவும் சூத்திரமும் போன பிறகு வந்த சிறிய மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்களில் இரண்டு தாங்கிகள் இருந்தன. சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். இழுத்து ஸ்ராட் பண்ணி, சூடானதும் குழாயைத் திருப்பி விடுவது தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடப் பழக்கமான வேலை. மெக்கானிக்மார் செய்தது, அந்தத் தோட்டத்து அறிவைக் காருக்குள் கொண்டுவந்ததுதான்.

கொண்டுவருவதற்கு ஏ40 வாய்ப்பான கார். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. எஞ்சின் இறுக்கி அமுக்கினால், தீப்பொறி மூட்டிய சுவாலை போய்ச் சேருவதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து ‘தட்டும்’. டெவனும் சோமசெற்றும் ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில்தான் காற்றையும் எரிபொருளையும் அமுக்கின. இன்றைய கார்கள் பல 10க்கு 1ஐயும் தாண்டிப் போகின்றன. மோசமான பெற்றோலையும் சகித்துக்கொள்ளட்டும் என்று அந்தக் காலத்தில் செய்த எஞ்சின், மண்ணெண்ணெயையும் ஓரளவு சகித்துக்கொண்டது. மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, தீப்பொறி பிந்தி விழும்படி ரைமிங்கை மாற்றினால் தட்டுவது அடங்கும். எவ்வளவு திருப்புவது என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் விடையில்லை. எஞ்சினை ஓட விட்டு, காது கொடுத்துக் கேட்டு, அரை விரலளவு திருப்பி, மறுபடி கேட்டு முடிவு செய்தார்கள். பலம் குறையும். ஆனால் யாழ்ப்பாணம் தட்டைத் தரை, ஏறுவதற்கு மலையில்லை.

காலையில் ஒரு காரை எழுப்புவது இப்படித்தான் நடந்தது. பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் வாயிலிருக்கும் காற்று வடிகட்டியைக் கழற்றுவார்கள். சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலை எடுத்து, பெற்றோலைச் சில துளிகள் உள்ளே விடுவார்கள். பற்றறி பலமாக இருந்தால் ஸ்ராட்டர் சுற்றும். பெரும்பாலும் பலமாக இராது. அப்போது முன் பம்பருக்குள்ளால் இரும்பு ஹான்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். அந்தக் கார்களில் ஹான்டில் போட ஓட்டை இருந்தது பெரும் புண்ணியம். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும். எஞ்சின் பற்றிக்கொள்ளும். அணையப் போகும்போது இன்னும் இரண்டு துளி. மறுபடி இரண்டு துளி. புகைப்போக்கி சூடாகி, மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கியதும் சத்தம் மாறும். வெண்புகை ஒழுங்கையை மூடும், கண் எரியும். கார் புறப்படும். வழியில் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. ஆறினால் திரும்பவும் பெற்றோல் துளிகள் வேண்டும். சரிவில் விட்டு உருட்டவும் வழியில்லாத ஊர் என்பதால், ஏறியிருந்தவர்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஓயிலில் கலக்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஓயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். ஆனால் அது நீர்த்த ஓயில், பெயாரிங்குகளைக் காப்பாற்றாது. பிளக்குகளில் கரி படியும். வால்வுகள் சரியாக மூடாது. அடிக்கடி எஞ்சின் தலையைக் கழற்றி, கரி சுரண்டி, வால்வுகளை ஒவ்வொன்றாகப் பசை பூசிக் கையாலேயே உரசி உட்கார வைக்க வேண்டியிருந்தது. புதுப் பாகம் இல்லாத இடத்தில் லேத் பட்டறை கை கொடுத்தது. கிடைத்த இரும்பைக் கடைந்து புஷ் செய்தார்கள், தேய்ந்ததை நிரப்பிக் கடைந்தார்கள், ஓடாமல் போன ஒரு காரைப் பிரித்து மூன்று காரை ஓட வைத்தார்கள். நேர்மையான மெக்கானிக்கின் அருமை அப்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒருவரின் காரிலிருந்த நல்ல பாகத்தைக் கழற்றி இன்னொருவருக்கு விற்பது அவருக்கு மிகச் சுலபம். அதைச் செய்யாதவரின் கராஜுக்குத் தூர ஊர்களிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள்.

கார் மட்டுமா? ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளும் அதே துளி வைத்தியத்தில் ஓடியது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில், மரக்கூடு கட்டிய பழைய தட்டிவான்கள் சந்தைக்குப் போகும் பெண்களையும் வாழைக்குலைகளையும் ஏற்றி ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியைப் போட்டு பி.பி.சி. தமிழோசை கேட்டது ஒரு தலைமுறை. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு போரால் வலிகாமத்துச் சனம் இடம்பெயரத் தொடங்கியபோது, நாவற்குழிப் பக்கம் நகர்ந்த அந்தப் பெருங்கூட்டத்தில் சைக்கிள்களும் லான்ட்மாஸ்ரர்களும் உழவு இயந்திரங்களும் இந்தக் கார்களும் நெருக்கியடித்து நின்றன.

இதே கார்களுக்கு வேறு இடங்களிலும் வேறு வகை வாழ்வு கிடைத்தது. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றி இந்தியாவில் பிறந்த அம்பாசடர், 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார், அந்தக் கார்களுக்கான தகட்டுப் பாகங்களைச் செய்யத் தேர்ந்தது இலங்கையை. பழைய கார்களைக் காப்பாற்றும் கை இலங்கையில் இருக்கிறது என்று பிரித்தானியர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. அதே நாட்டின் வடக்கில், உதிரிப்பாகம் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது.

2002இல் போர்நிறுத்தத்தோடு, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்தது. ஜப்பானிய வான்களும் இந்திய முச்சக்கர வண்டிகளும் வந்து குவிந்தன. யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வந்திறங்கிய வெளியூர்ச் செய்தியாளர்கள், வாடகைக்கு நின்ற ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் வியந்து எழுதினார்கள். ஆனால் அந்தக் கார்களின் காலம் அதே ஆண்டோடு சரியத் தொடங்கியது. சிலவற்றுக்கு ஜப்பானிய டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். சிலவற்றைச் சேகரிப்பாளர்கள் வாங்கிப்போனார்கள். மிஞ்சியவை கலியாணக் கார்களாயின.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. இடையில் 2022இல் பெற்றோலோடு மண்ணெண்ணெயும் தட்டுப்பட, நாடு முழுவதும் வரிசையில் நின்றது. அந்த ஆண்டுகளில் இலங்கையர் பலர் பழைய காரைத் திருத்தி ஓட்டும் கலையை முதன்முறையாகக் கற்றார்கள். யாழ்ப்பாணத்தில் அதைக் கற்றுத்தரக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டிய இடம் இந்தக் கராஜ்கள். எந்தக் காருக்கு ரைமிங்கை எவ்வளவு பின்தள்ளினார்கள், ஓயிலை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினார்கள், பிஸ்ரன் றிங்குக்கு எந்த இரும்பைக் கடைந்தார்கள், கிளாலியால் வந்த பாகங்களை யார் கொண்டுவந்தார்கள், இடப்பெயர்வின்போது எந்த வீட்டுக் காரை எங்கே ஒளித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பதில் சொல்ல அவர்களுக்குக் குறிப்புப் புத்தகம் தேவைப்படாது.