விடிய விடிய ஐந்து கேசட்

எண்பதுகளில் வடமதுரைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால், என் மாமா டேப் ரிக்கார்டரும் ஐந்து சி-90 கேசட்டும் எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துக்கு 45 நிமிடம். கேசட்டைத் திருப்பிப் போடும் நேரத்தில் நாரதர் பேசியதெல்லாம் போச்சு.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகம்தான். ஆனால் ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்த வகைக்கு ஒத்திகை கிடையாது. ஊருக்கு ஒருவராக வரும் நடிகர்கள் அன்றைக்குத்தான் மேடையில் சந்திப்பார்கள். நடிகர்களுக்குள் நடக்கும் தர்க்கத்தில் ஆர்மோனியக்காரர் யார் பக்கம் சாய்கிறார் என்பது டேப்பில் தெளிவாகக் கேட்கும். பபூன் வந்ததும் விசில், அழுகிற பிள்ளை, ஜெனரேட்டர் இரைச்சல்.

மேடையில் நடப்பதை இப்படிப் பதிவது மாமா மட்டும் செய்ததல்ல: லண்டனில் 1977 டிசம்பர் 31 இரவு ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு பாடியதை அப்படியே பதிந்து 1979இல் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 28 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நம்மூரில் அதற்குள் வள்ளி தினைப்புனத்துக்கே வந்திருக்க மாட்டாள்.

மாமாவின் கேசட்டுகளில் இரண்டு பூஞ்சணம் பிடித்துவிட்டன. மூன்றாவதில் பாதி இரவில் யாரோ, “மைக்கை ஏத்துப்பா, கேக்கல” என்கிறார். அது மாமா குரல்தான்.