ராதிகா சாந்துவனமு

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் (ஆட்சி 1739–1763) அரசவைக் கணிகை முத்துப்பழனி தெலுங்கில் பாடிய சிருங்கார காவியம். இளை என்ற பெண்ணை வளர்த்துக் கண்ணனுக்குக் கொடுத்த ராதையே பிறகு பொறாமையில் வாடுகிறாள். அவள் ஊடலைத் தணிப்பதுதான் கதை. பெண்ணே ஆசையைச் சொல்கிறாள், கேட்கிறாள், முந்திக்கொள்கிறாள். தன் பாட்டி தஞ்சநாயகி முதலான பெண்வழி மரபையும் முத்துப்பழனி கூச்சமின்றிப் பெருமையாகப் பாடினார்.

பின்னாளில் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் இந்நூலை ஆபாசம் என்று கடிந்தார். பாடல்கள் வெட்டப்பட்ட பதிப்பைக் கண்டு வருந்திய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், சுவடியைத் தேடி 1910இல் முழுமையாக வெளியிட்டார். வெட்கம் பெண்ணுக்கு மட்டுமா என்பது முன்னுரையில் அவர் தொடுத்த கேள்வி. வீரேசலிங்கமே சிருங்காரம் மிகுந்த ‘வைஜயந்தி விலாசமு’வைப் பதிப்பித்தவர் என்பதையும் சுட்டிக்காட்டினார். சூடான பதில்தான்.

1911இல் ஆங்கில அரசு நூலை ஆபாசம் என்று தடை செய்தது. ஆபாச எழுத்தைக் குற்றமாக்கிய அதே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, அன்று மனைவிக்கு 12 வயது நிறைந்திருந்தால் கணவனின் பலவந்தத்தை வன்புணர்வாகக் கருதவில்லை. வயது இன்று 18; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 63ஆம் பிரிவிலும் அந்த விலக்கு நீடிக்கிறது.

சென்னை மாகாண அரசுக்கு த. பிரகாசம் தலைமை வகித்தபோது தடை நீங்கியது. 1952இல் மறுபதிப்பு வந்தது. அதே ஆண்டு மறைந்த நாகரத்தினம்மாளின் சமாதி, திருவையாற்றுக் காவிரிக் கரையில், அவர் எழுப்பிய தியாகராஜர் சமாதிக் கோயிலை நோக்கி உள்ளது.