முத்துக்குளித்துறைச் சிறுவர் பாடம்

மணியோசை, கூட்டோதல், வீட்டிற்குக் கொண்டுசெல்லும் பாடம் ஆகிய மூன்றும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியின் நாள்முறையில் நாம் காண்பன. இவற்றின் பழைய வடிவம் ஒன்று முத்துக்குளித்துறையில் காணப்படுகின்றது. 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழ் அறியாதவர். இருமொழியும் அறிந்தோர் துணையால் மன்றாட்டுக்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கைமணி ஒலித்துத் தெருவிற் சென்று, நாளும் இருமுறை சிறுவரையும் ஆடவரையும் கூட்டி ஓதுவித்தார். கற்றதை இல்லத்தார்க்கும் அயலார்க்கும் கற்பித்தல் சிறுவர் கடனாயிற்று. இவை 1544 சனவரியில் அவர் எழுதிய மடலால் விளங்கும்.

அவ்வாண்டிலேயே, உடனுழைத்த மான்சிலாசுக்கு அவர் ஒரு திருத்தம் எழுதினார். விசுவாச மன்றாட்டில் 'வேணும்' என்றிருந்த இடத்தில் 'விசுவசிக்கிறேன்' என ஓதுவிக்க வேண்டும் என்பதே அது. முன்னது விருப்பத்தையும் பின்னது நம்பிக்கையையும் குறிக்கும் என்க. ஆயின் சிறுவர் நாவழியே பழைய சொல் வீடுதோறும் முன்னரே புகுந்திருத்தல் கூடும். ஏட்டைத் திருத்துதல் எளிது. வாய்ப்பாடத்தைத் திருத்துதல் அரிது. 1578-இல் கொல்லத்தில் என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியதன் பயனை இதனோடு வைத்து நோக்குதல் தகும்.