வார்டின் நீலகிரி வரைபடம்

உதகைக்குச் செல்வோர் முதலில் நாடுவது ஏரியை. கேப்டன் பி. எஸ். வார்டு 1821, 1822-ஆம் ஆண்டுகளில் நீலகிரியை அளந்தபோது அந்த ஏரியே இல்லை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து அதனை அமைக்கத் தொடங்கியது 1823-இல்தான்.

இயேசு சபைக் குரு பெனிசியோ 1603-ஆம் ஆண்டிலேயே இம்மலையேறித் தோடரைக் கண்டு எழுதிவைத்தார். (மலையில் பழைய கிறிஸ்தவர்கள் வாழ்வதாகக் கேள்வியுற்றுச் சென்றவர், கண்டதோ எருமை மேய்க்கும் மக்களை.) கம்பெனி ஆட்சிக்கு அது போதுமா? மலையின் உயரமும் சரிவும், ஊரும் வழியும் தாளில் ஏற வேண்டியிருந்தன.

வார்டு மலையைப் பெரங்கநாடு, மேற்குநாடு, தொதநாடு என மக்கள் வழங்கியவாறே பகுத்தார். இது பாராட்டத்தக்கது. ஊர்ப்பெயர்களே குடிகளையும் சொல்லிவிடும்: தோடர் குடியிருப்பு மந்து, படகர் ஊர் ஹட்டி, கோத்தர் ஊர் கோக்கால். உதகமண்டலம் என்னும் பெயரிலும் ஒரு மந்து மறைந்திருக்கிறது.

எனினும் வரைபடத்தில் மந்து வெறும் புள்ளிதான். கோடையில் புல் வற்றினால் தோடர் எருமைகளுடன் வேறு மந்துக்குப் பெயர்வர், மழைக்குப்பின் திரும்புவர். ஆளில்லாத மந்து கைவிடப்பட்ட மந்து அன்று. இடைப்பட்ட புல்வெளியும் அவ்வாறே. புள்ளி இதையெல்லாம் எப்படிச் சொல்லும்?

வெள்ளையர் குடியேற்றம் பெருகியபோது, அப்புல்வெளி யாருடையது என்ற வழக்கு மூண்டது. நிலம் தோடருக்கே உரியது என்று சல்லிவனே வாதாடினார். 1843-இல் இலண்டனில் கம்பெனியின் இயக்குநர் அவை முடிவு சொன்னது: தோடருக்கு உள்ளது மேய்ச்சல் உரிமை மட்டுமே.