புயல் வெள்ளச் செயற்கைக்கோள் வரைபடம்

புயல் வெள்ளச் செயற்கைக்கோள் வரைபடம் என்பது புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, புதிதாக நீர் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் தொலையுணர்வு ஆவணம். இதற்கான படங்கள் ஒளிப்படம், ரேடார் படம் என இருவகைப்படும். மேகம் விலகும்வரை ஒளிப்படத்தால் பயனில்லை. ஆகவே மேகத்தை ஊடுருவும் ரேடாரே முதன்மை. ஐரோப்பாவின் சென்டினல்-1 (2014), இஸ்ரோவின் இஓஎஸ்-04 (2022) ஆகியவை சுமார் 5.6 செ.மீ. அலைநீளத்தில் இயங்குகின்றன. அசையாத நீர்ப்பரப்பு அலையை எதிர்ப்பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் பெருமழையைக் கொட்டிய மிக்ஜாம் புயல், 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. இத்தகைய மழைக்குப் பின், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள அண்ணனூர் போன்ற நெருக்கமான புறநகரில் மேற்சொன்ன கறுப்பு விதி முழுமையாகச் செல்லாது. தெருநீரிலும் வீட்டுச் சுவரிலும் அடுத்தடுத்துப் பட்ட அலை செயற்கைக்கோளுக்கே திரும்புவதால், வெள்ளம் நின்ற இடம் வெளிச்சமாகவே தோன்றலாம். ஏரி நிரம்பியதைப் படம் காட்டும்; குறுகிய தெருவில் முழங்காலளவு நின்ற நீரைத் தவறவிடும். படத்தில் நீர் இல்லையென்பதால் வெள்ளமே இல்லையெனக் கொள்வது, நிவாரணக் கணக்கில் குறிப்பாக, பிழை. இரு படங்களின் அலை ஒத்திசைவை ஒப்பிட்டால் இக்குறை தீரும் என்பர். ஓரளவு உண்மைதான், ஆனால் அதற்கு ஒரே தடத்தில் எடுத்த படங்கள் வேண்டும். மிக்ஜாமின்போது இயங்கிய ஒற்றைச் சென்டினல்-1 அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆனது. தெருநீர் அதுவரை காத்திருப்பதில்லை. வயல், உப்பளம், கழிமுகம் ஆகிய திறந்தவெளிகளில் ரேடார் வரைபடம் நம்பத்தக்கது. குடியிருப்புகளில் நிலமட்டத் தரவும் கள அளவீடும் உடன் தேவை.